நிறுத்தியும் ஓடிய இஞ்சின்

பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் இஞ்சின் நின்றுவிடும். அந்தக் காலத்து டீசல் வண்டியில் அப்படியில்லை. சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாலும் அது பாட்டுக்கு ஓடும். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்துப் பிடித்தால்தான் டீசல் நின்று இஞ்சின் அடங்கும். இதற்குப் பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சாவி என் கையில் இருக்க, ஆளில்லாத வண்டி உறுமிக்கொண்டு நிற்கும்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில், என் பழைய காரை விற்க வேண்டும் அல்லது டீசலுக்கு மாற்ற வேண்டும் என்றாகிவிட்டது. மாற்றினேன். வாலாஜாபேட்டை அருகே லாரியில் மோதி நசுங்கிய ஒரு வேனிலிருந்து கழற்றிய இஞ்சின் கிடைத்தது. வேனை ஓட்டியவன் அந்த இடத்திலேயே போய்விட்டானாம். எங்கள் மெக்கானிக் பாய் பத்து நாள் மல்லுக்கட்டி மாட்டிக்கொடுத்தார்.

இஞ்சின் வந்த வழி எப்படியோ என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"செத்தவன் இஞ்சின் அது. அவன் அதுலயேதான் குந்தினு இருப்பான். என் தம்பிய அதுல ஏத்தாதீங்க, சொல்லிட்டேன்" என்றாள்.

தாய் தகப்பன் இல்லாத தம்பி. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், எங்களோடுதான் இருந்தான். அவனுக்கு ஒன்று என்றால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள். எனக்கோ கோபம் மூக்குமேல். பேயாவது பிசாசாவது என்று அவள் வாயை அடைத்துவிட்டுத் தினமும் சாயங்காலம் அதே காரில்தான் அவனை வேலையிலிருந்து கூட்டிவந்தேன்.

பாலாற்றோரம் ஒரு தோல் ஃபேக்டரியில் அவனுக்கு ஸ்பிரே அடிக்கும் வேலை. தின்னர் கலந்த லாக்கர் என்ற மெருகுப் பூச்சை அடித்துத் தோலுக்கு மினுமினுப்பு ஏற்றுவார்கள். ஈரம் காய்வதற்குள் தூசி ஒட்டினால் தோல் வீண் என்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தியே வைத்திருப்பார்கள். காற்று வெளியே போகக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரே ஒரு ஃபேன். அதற்கு நேர் கீழே வேப்ப மர நிழலில் காரை நிறுத்துவேன்.

அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு நாள் குமிழை இழுத்தேன், இஞ்சின் நிற்கவில்லை. யாரோ மூச்சுக்குத் தவிப்பது போல ஏழெட்டு முறை இழுத்துவிட்டுத்தான் அடங்கியது. மறுநாளும் அதேதான். வீட்டிலும் ஸ்டாண்டிலும் சொன்ன பேச்சைக் கேட்கிற வண்டி, அந்தச் சுவரோரம் மட்டும் வீம்பு பிடித்தது.

வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்றான். இஞ்சின் வந்த கதை அவன் காதுக்கும் எட்டியிருந்தது. "இந்த இஞ்சின் இருந்த வேனு இங்கதான் தோல் ஏத்த வரும்பா. அவனும் இதே நெழல்லதான் வுடுவான்."

எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. வீட்டில் மூச்சுவிடவில்லை. பாயிடம் மட்டும் சொன்னேன். "வண்டி சுத்தமா இருக்குப்பா. அந்த எடத்துலயே வந்து பாக்கறேன், நாளைக்கு" என்றார்.

மறுநாள் அவருக்கு முன்பே போய்விட்டேன். மற்றவர்கள் வேலை முடிந்து போயிருந்தார்கள். என் மச்சான் மட்டும் மிச்சத் தோலோடு உள்ளே இருந்தான். காரை நிறுத்திக் குமிழை இழுத்தேன். இஞ்சினின் வேகம் கூடியது. இன்னும் இழுத்துப் பிடித்தேன். இன்னும் கூடியது. பயத்தில் பானட்டைத் திறந்து டீசல் குழாயையே கழற்றிவிட்டேன். சாவி சட்டைப்பையில், குழாய் கையில். வண்டி அலறிக்கொண்டு ஓடியது. எதைக் குடித்து ஓடுகிறது?

வாட்ச்மேன் தன் ரூமுக்கு ஓடினான். வெள்ளிக்கிழமை கேட்டுக்குப் பூஜை போடுகிற எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டுவந்தான். நேற்று வரை பேயே இல்லை என்றவன் நான்; பழத்தை டயருக்கு அடியில் வைத்தேன். கற்பூரத்தைத் தரையில் வைத்துத் தீப்பெட்டியைத் திறந்தேன்.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்த பாய் என் கையில் ஓங்கி ஒரு அடி விட்டார். தீக்குச்சிகள் சிதறின. தள்ளுவண்டியில் கிடந்த ஒரு தோலை இழுத்துச் சுருட்டி, இஞ்சின் காற்று இழுக்கும் வாயில் வைத்து அழுத்தினார். வண்டி ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு நின்றது.

"மூக்கு செத்துப்போச்சா உனுக்கு? காத்து ஃபுல்லா தின்னரு! அதத்தான் குடிச்சினு ஓடுது. உள்ள யாரு இருக்கா?"

ஆம்பூரில் எங்கள் மூக்கெல்லாம் எப்போதோ செத்துவிட்டது. தோல் நாற்றத்தோடு நாற்றமாக அதையும் சுவாசித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

உள்தாழ்ப்பாளை உடைக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். உள்ளே தின்னர் டிரம் சாய்ந்து தரையெல்லாம் ஈரம். அந்த ஈரத்தில் ஒரு ஆள் ஊர்ந்து வந்த தடம் கதவை நோக்கி நேராக வந்து, நான்கு முழம் இருக்கும்போது சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அதன் முடிவில் மச்சான் குப்புறக் கிடந்தான். ஃபேக்டரி ஜீப்பில் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

மூன்றாம் நாள்தான் பேச்சு வந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"கண்ணே தெரியல மாமா. உங்க வண்டி சத்தம் மட்டும் கேட்டுச்சு. மாமா வந்துட்டாருன்னு அதப் புடிச்சினே வந்தேன். திடீர்னு நின்னுபோச்சு. அப்புறம் எந்தப் பக்கம் வர்றதுன்னு தெரியல."

பாய் மீது தப்பில்லை. அவர் வந்திருக்காவிட்டால் என் கற்பூரம் எங்கள் எல்லோரையும் எரித்திருக்கும். ஆனால் அந்த வண்டி மூன்று நாளாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது; நான் எலுமிச்சம்பழம் வைத்தேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்த இஞ்சினை விற்றுவிடலாமா என்று மனைவியைக் கேட்டேன். "வேணாம்" என்றாள்.

வேறு வேலை தெரியாத மச்சான் இரண்டு மாதத்தில் அதே ஷெட்டுக்குத் திரும்பினான். நானும் சாயங்காலத்தில் அதே நிழலில் நிறுத்தினேன். ஆனால் அவன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்காரும்வரை குமிழைத் தொடமாட்டேன். டீசல் வீணானால் ஆகட்டும் என்று, சத்தம் கொஞ்சமாவது கூடுகிறதா எனக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன்.