கடைசி வரிசைக் குடைக்காரர்

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசகசாலையில் ஒரு விவாதம். ஜனநாயகத்துக்கு எது நல்லது? அமெரிக்காவைப் போல ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் பிரசிடெண்டா, இங்கிலாந்தைப் போலப் பார்லிமெண்டுக்குக் கட்டுப்பட்ட பிரதம மந்திரியா?

கவர்னர் துரை ஆளும் பினாங்கில் நமக்கு இரண்டும் கிடையாது, ஓட்டும் கிடையாது. அதனால் என்ன? பேசுவதற்கு வரியா கேட்கிறார்கள்?

பிரசிடெண்ட் கட்சிக்கு என் நண்பர் ராயப்பன். கவர்மெண்ட் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் ஆசாமி.

"நாலு வருஷத்துக்கு ஒரே ஆளு. யாரும் அசைக்க முடியாது. தைரியமா ஆளுவாரு!" என்று முழங்கினார்.

எதிர்க்கட்சி சூசை வாத்தியார் விடவில்லை. "அந்த ஆளு மோசமா இருந்தா? நாலு வருஷமும் பொறுத்துக்கணுமா? பிரதம மந்திரின்னா, நம்பிக்கை இல்லேன்னு ஓட்டுப் போட்டு மறுநாளே வீட்டுக்கு அனுப்பிடலாம்!"

"அப்புறம் மாசத்துக்கு ஒரு மந்திரிசபையா?" என்று மடக்கினார் ராயப்பன்.

பலத்த கைதட்டல். அப்போதுதான் கடைசி வரிசையில் அவரைப் பார்த்தேன். புது முகம். மடியில் குடை. கை தட்டவில்லை, சிரிக்கவில்லை... ராயப்பனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில்லாத நாளில் குடை எதற்கு?

சந்தேகம் வந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. மேடையோரம் போய், கடைசி வரிசையில் இருப்பவர் போலீஸ் ஒற்றராக இருக்கலாம் என்று ராயப்பன் காதில் போட்டேன்.

"மாத்தா-மாத்தாவா அண்ணே?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "போலீசுல போய்ச் சொன்னா வேலை போயிடும்லா! வேலை போனா எவன் பொண்ணு குடுப்பான்?"

மறுபடி பேச எழுந்தவர், "பிரசிடெண்டும் வேணாம், பிரதம மந்திரியும் வேணாம். நம்ம கவர்னர் துரை ஆட்சிக்கு என்ன குறைச்சல்?" என்றார். வாத்தியாருக்கும் விஷயம் எட்டிவிட்டது போலும். வேகமாகத் தலையாட்டினார்.

முடிவில் ஓட்டெடுப்பு. ஒரு கைகூட எழவில்லை. கடைசி வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஊரில், எந்த ஆட்சி முறை வந்துதான் என்ன?

திங்கட்கிழமை கல்யாணத் தரகர் வந்தார். குடைக்காரர் கெப்பாலா பத்தாஸ் ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவராம். பெண்ணின் அப்பாவாம்! மாப்பிள்ளையைச் சொல்லாமல் பார்த்துப்போக வந்தாராம்.

அவர் சொல்லியனுப்பியதைத் தரகர் அப்படியே ஒப்பித்தார்: "நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு. ஒருத்தன் வந்து காதுல ஏதோ ஓதினான். உடனே கவர்னர் புகழ் பாடுறாரு. ரெண்டு பேரும் மாத்தா-மாத்தாதான். என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்."

ராயப்பன் இப்போது என்னோடு பேசுவதில்லை. எனக்கு வருத்தம்தான். ஆனாலும்... அந்தத் தரகரை எந்த அளவுக்கு நம்பலாம்?

அது கிடக்கட்டும். இவ்வளவு கவனமாகப் படிக்கிறீர்களே — நீங்கள் யார்?