நாலாம் அறைச் சுவரில் ஒரு ஓட்டை

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அவசரம்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு டீசல் ஜெனரேட்டரை இறக்கி வைத்து ஓடவிட மற்றவர்களுக்கு இரண்டு நாள் போதும், அவருக்கு ஐந்து நாள் வேண்டும். அதனால் வந்த பெயர். வைத்தவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன். இருபது வருஷமாக இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போகிறார்கள். எஞ்சின், புகைக்குழாய், டீசல் டேங்க் எல்லாம் மாமா பொறுப்பு. ஒயர், சுவிட்ச், போர்டு எல்லாம் மச்சான் பொறுப்பு. ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைப்பதில்லை. குடும்பத்தில் சண்டை வராமல் இருப்பதே அதனால்தான் என்று அவசரத்தின் மனைவி பெருமையாகச் சொல்வாள்.

படுக்கையில் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அந்த முறை வேலை. நாலு அறை, இருபத்திரண்டு கட்டில், ஒரு ஹால். அந்தத் தெருவில் மின்கம்பி மாற்றப்போவதால் திங்கட்கிழமை தொடங்கி ஒரு வாரம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை கரண்ட் இருக்காது என்று அறிவித்திருந்தார்கள். நாலாம் அறையில் மூன்று பேர் ஆக்சிஜன் மெஷினில் மூச்சு விடுகிறவர்கள். கரண்ட் இல்லாவிட்டால் மெஷின் இல்லை. அதனால் இல்லத்தை நடத்தும் பெரிய சிஸ்டர், சனிக்கிழமைக்குள் எஞ்சின் ஓடியாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கேபிள் நீளம் குறைய வேண்டும் என்று எஞ்சின் அறையையும் நாலாம் அறைக்குப் பின்சுவரை ஒட்டியே கட்டச் செய்திருந்தார்.

அவசரம் வழக்கம்போல மெதுவாகத்தான் செய்தார். கான்கிரீட் மேடை காயும்வரை எஞ்சினைத் தொடவில்லை. அதிர்வுக்கு ரப்பர் வைத்தார். புகைக்குழாயை ஜன்னல்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கூரைக்கு மேலே ஆறடி ஏற்றினார். சூடான காற்று வெளியே போக முற்றத்துப் பக்கம் கதவகலத்துக்கு இரும்புச் சட்டம் போட்ட திறப்பு, குளிர்ந்த காற்று உள்ளே வர எதிர்ச்சுவரில் இன்னொன்று. விஷவாயு சேர்ந்தால் கத்துகிற அலாரம் ஒன்றை எஞ்சின் அறைக்குள் மாட்டினார். பெரிய சிஸ்டர் நாளுக்கு மூன்று தடவை வந்து நின்று பார்த்தார். மச்சான் அவரிடம், "மாமா கல்யாணத்துக்கே ரெண்டு மணி நேரம் லேட்டு சிஸ்டர், எங்க அக்கா மாலையோட உக்காந்துட்டே தூங்கிட்டா" என்றார். சிஸ்டர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை எஞ்சின் ஓடியது. ஒரே ஒரு பாக்கி. நாலாம் அறைச் சுவரில் கேபிள் நுழையும் ஓட்டை, கை முஷ்டி அளவு. தண்ணீர் மோட்டாருக்கான கேபிள் ஒன்று கடையிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் வரும். இப்போது அடைத்தால் மறுபடி உடைக்க வேண்டும். கேபிள் ஓட்டைதானே, மச்சான் எதையாவது திணித்து வைப்பார் என்று மாமா நினைத்தார். சுவர் வேலைதானே, மாமா பூசிவிடுவார் என்று மச்சான் நினைத்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை முழுக்க அவசரம் எஞ்சின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு குறையும் இல்லை. சத்தம்தான் அதிகம். பணிப்பெண்கள் இரண்டு பேர் வந்து அதைச் சொன்னார்கள். எஞ்சின் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர்கள் சும்மா முறையிடவில்லை. படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு மதியத் தூக்கம் மருந்து மாதிரி. அது கெட்டால் சாயங்காலம் குழம்பிப் போவார்கள், கட்டிலிலிருந்து தாங்களாகவே இறங்கப் பார்ப்பார்கள், விழுவார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு எழுந்திருப்பது கஷ்டம். இதையெல்லாம் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள் அந்தப் பெண்கள். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், கழித்துப்போட வைத்திருந்த பழைய மெத்தைகள் இரண்டை எடுத்து வந்து, முற்றத்துப் பக்கத்து இரும்புத் திறப்பின்மேல் சாத்தி, கிழிந்த போர்வையால் இறுக்கிக் கட்டினார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது. தங்கள் சாமர்த்தியத்தைத் தாங்களே மெச்சிக்கொண்டு போய்விட்டார்கள்.

காலையில் எஞ்சினைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்த மாமாவும் மச்சானும் மூன்று மணிக்குத்தான் மோட்டார் கேபிளோடு வந்தார்கள். வாசலிலேயே அவசரத்துக்கு எஞ்சின் சத்தம் சரியாகப் படவில்லை. மூச்சுத் திணறுகிற மாதிரி ஓடியது. பின்பக்கம் போக நாலாம் அறையைத் தாண்டித்தான் வழி. அங்கே கதவோரக் கட்டிலில் இருந்தவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். யார் உள்ளே வந்தாலும் டிக்கெட் கேட்பார், இல்லையென்றால் பின்னால் இருக்கிறவர்களுக்கு வழி விடச் சொல்வார். நாள் முழுக்க அந்த வாய் ஓயாது. அன்று கண் பாதி திறந்திருந்தது, வாய் மூடியிருந்தது. மற்ற இரண்டு பேரும் முனகிக்கொண்டு கிடந்தார்கள். மதியச் சாப்பாடு மூன்று தட்டிலும் அப்படியே ஆறிப்போயிருந்தது. பணிப்பெண் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தலை வலிக்குதாம்மா?"

"மத்தியானத்துலேர்ந்துண்ணா. ஒரு தடவ வாந்தியும் எடுத்தேன்."

பெரிய சிஸ்டர் பின்னாலேயே வந்துவிட்டார். கண்டக்டர் இரவெல்லாம் தூங்கவில்லை என்றும், அதனால்தான் அசந்து கிடக்கிறார் என்றும் சொன்னார். விரலில் மாட்டும் கிளிப்பைக் காட்டினார். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு.

"அத நம்பாதீங்க சிஸ்டர்" என்றார் அவசரம். "என்னை ஒரு எஞ்சின் ஷெட்டுலேர்ந்து தூக்கிட்டு வந்தப்ப அதுல தொண்ணூத்தொம்பது காட்டுச்சாம். எனக்கு என் பேரே தெரியல. புகை ரத்தத்துல கலந்தா அந்தக் கிளிப்புக்கு வித்தியாசம் தெரியாது. இவங்க மூணு பேரயும் இப்பவே வெளிய கொண்டு போகணும்."

பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை அது. வேறொருவர் மாட்டிய எஞ்சினைப் பழுது பார்க்கப் போய், மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர், மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில்தான் தெளிந்தார். அவருடைய நிதானத்துக்கு அதுதான் காரணம் என்பது மச்சானுக்குத் தெரியும். கேலிக்கு உதவாது என்பதால் அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பெரிய சிஸ்டர் படித்தவர், புரிந்துகொள்ள நேரமாகவில்லை. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. எஞ்சினை நிறுத்தினால் மெஷின் நிற்கும் என்றார். சிலிண்டர் எத்தனை இருக்கிறது என்று அவசரம் கேட்டார். ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரும். கரண்ட் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"நாலரைக்குள்ள எஞ்சின் திரும்ப ஓடணும்" என்றார் சிஸ்டர்.

"ஓடும்."

ஐந்து நாள் கேட்கிறவர் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒத்துக்கொண்டதைக் கேட்டு மச்சான் அவர் முகத்தைப் பார்த்தார்.

சக்கரக் கட்டில்களை ஹாலுக்குத் தள்ளி, ஜன்னல்களை எல்லாம் திறந்து, சிலிண்டரை மாட்டினார்கள். எஞ்சின் நின்றது. ஆம்புலன்சுக்குச் சொல்லப்பட்டது. எஞ்சின் அறைக் கதவைத் திறந்து, அனல் வெளியேறும்வரை தள்ளி நின்றார்கள். உள்ளே அலாரம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தத்தில் அது யார் காதிலும் விழுந்திருக்கவில்லை. மெத்தையால் சூடு வெளியே போக வழியில்லாமல், புகைக்குழாய் இணைப்பில் இரண்டு போல்ட் தளர்ந்து, அங்கிருந்து கசிந்த வாயு போக இடம் தேடி, சுவர் ஓட்டை வழியாக நாலாம் அறைக்குள் போயிருந்தது. ஓட்டையைச் சுற்றி வெள்ளைச் சுவரில் கரி வட்டமாகப் படிந்திருந்தது.

மச்சான் மெத்தைகளின் கட்டை அறுத்துத் தூர எறிந்தார். மாமா இணைப்பில் கசிவை அடைக்கும் புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை இறுக்கினார். பிறகு மோட்டார் கேபிளை இழுத்துவிட்டு, ஓட்டையில் வெப்பம் தாங்கும் பஞ்சை இருபுறமும் திணித்து, மேலே சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். ஒரு பக்கம் மாமா, மறுபக்கம் மச்சான். இருபது வருஷத்தில் முதல் தடவை. நாலேகாலுக்கு எஞ்சினைப் போட்டு, அலாரத்தைக் கழற்றிக்கொண்டு போய் காலியாகக் கிடந்த நாலாம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவசரம் உட்கார்ந்தார். அது வாயைத் திறக்கவில்லை. ஹாலுக்கு நீண்ட ஒயர் போட்டு மெஷின்களை ஓடவிட்டபோது சிலிண்டர் மீட்டர்களில் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.

கண்டக்டரையும் பணிப்பெண்ணையும் ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போயிற்று. மற்ற இருவரையும் டாக்டர் அங்கேயே வந்து பார்த்தார். ஓட்டையை விட்டது யார் என்று பெரிய சிஸ்டர் கேட்டார். அவசரம் முந்திக்கொண்டு, நான்தான் என்றார்.

"பாதி என்னுது" என்றார் மச்சான்.

மெத்தை வைத்தது எங்கள் ஆட்கள் என்று சிஸ்டர் சொன்னார். அவர்களைத் திட்டப் போகிறாரோ என்று அவசரத்துக்குத் தோன்றியது. தடுத்தார். "அவங்க வந்து சொன்னாங்க சிஸ்டர். நான்தான் என்ன ஏதுன்னு கேக்கல."

மறுநாள் காலை அவர் எஞ்சின் அறைக்குப் போவதற்கு முன்னால் பணிப்பெண்களிடம் போனார். யார் எப்போது தூங்குகிறார்கள், எந்தப் பக்கம் தலை வைக்கிறார்கள், எந்த ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். இரும்புத் திறப்புக்கு ஆறடி தள்ளி ஆளுயரத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். காற்று சுவரைச் சுற்றிப் போகும், சத்தம் அதில் முட்டி மேலே போகும். அறைக்கு ஒன்றாக நாலு அலாரம் மாட்டினார்கள். ஒன்றின் பொத்தானை அமுக்கி, அது எப்படிக் கத்தும் என்று எல்லோருக்கும் காட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நாலு பேர் விழித்துக்கொண்டார்கள், பெரிய சிஸ்டர் கோபித்துக்கொண்டார்.

கண்டக்டர் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். செவ்வாய்க்கிழமை மதியம் முழுக்க அவருக்கு நினைவில்லை. மற்றபடி குறையில்லை. பணிப்பெண்ணுக்குத் தலைவலி விட இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. மாமாவும் மச்சானும் இப்போது எந்த வேலையிலும் கிளம்புவதற்கு முன்னால், எஞ்சினை நிறுத்தி, விளக்கை அணைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று சுவரில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். வெளிச்சம் மறுபக்கம் தெரிந்தால் அன்று வீட்டுக்குப் போவதில்லை.