வடக்கே தலை வைக்காத அண்ணன்

பயிற்சியின் நடுவே உறுமிக் குச்சி அண்ணனின் கையிலிருந்து நழுவி விழுந்த காட்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. "கை மரத்துப் போச்சுடா" என்று குழுவினரிடம் சிரித்துச் சமாளித்தார். மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், மாரியம்மன் ரதம் புறப்படும்போது உறுமியை உராய்வது எங்கள் அண்ணன்தான். அந்தச் சத்தம் செம்பனை மரங்களுக்குள் புகுந்து வரும்போது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிடும். திருவிழாவுக்குச் சில வாரங்களே இருந்தன.

தினமும் விடிந்து எழுந்தால் வலது கை தோளிலிருந்து விரல்வரை மரக்கட்டையாய்க் கிடக்குமாம். கண்ணு பட்டுவிட்டது என்று அத்தை எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். பக்கவாதமோ என்று அண்ணி அழுதார். அண்ணன் குழுவினரிடம் போய், "இந்த வருசம் வேற ஆளப் பாத்துக்குங்க லா" என்று சொல்லிவிட்டு வந்து, சோறுகூடத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார். உறுமி இல்லாத அண்ணனை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

புஞ்சாக் ஆலாமில் அவர் புதிதாக வாடகைக்குக் குடிபோயிருந்த வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கிற்கு நானும் அண்ணியும் அவரை இழுத்துக்கொண்டு போனோம். டாக்டர் பார்த்துவிட்டுப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கிருந்தது ஒரு தமிழ்ப் பெண். "வீட்ல எப்படிப் படுப்பீங்களோ, அப்படியே இந்தக் கட்டில்ல படுங்கண்ணே" என்றாள். அண்ணன் கைப்பேசியை எடுத்தார், திசைகாட்டியைத் திறந்தார், "வடக்கு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! தலைமாடு வடக்கே இருக்கிறது என்று தெரிந்ததும் கால்மாட்டில் தலையை வைத்துக் குப்புறப் படுத்து, வலது கையை மடித்துத் தலைக்கு முட்டுக் கொடுத்தார்.

விஷயம் அப்போதுதான் வெளிவந்தது. வாடகை வீட்டுக் கட்டிலின் தலைமாடு வடக்குச் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தது; நகர்த்த முடியாது. வடக்கே தலை வைக்கக் கூடாது என்று அண்ணன் தலைகீழாகப் படுத்திருக்கிறார். அந்தப் பக்கம் தடுப்புப் பலகை இல்லாததால் தலையணை சரிந்து விழ, கையே தலையணை ஆகிவிட்டது.

"ராத்திரி பூரா உங்க தலைய உங்க கைதாண்ணே தாங்குது. நரம்பு நசுங்காம என்ன செய்யும்?" என்றாள் அந்தப் பெண்.

"அட கடவுளே, ஒரு தலகாணிக்கா நான் இத்தன நாளு அழுதேன்!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்கே மெத்தை தரைக்கு வந்தது. தலை கிழக்கே போனது. குப்புறப் படுப்பதற்குத் தடை. ஒருக்களித்தால் மேல் கையைப் போட்டுக்கொள்ள ஒரு நீளத் தலையணை. அதற்கு அண்ணி வைத்த பெயர் சக்களத்தி! எதைத் தின்றோம் என்று அலசி ஆராயும் நாம், எப்படிப் படுத்தோம் என்று நினைப்பதே இல்லை. இப்போது எங்கள் வீட்டில் யாருக்குக் கழுத்து வலித்தாலும் முதல் கேள்வி அதுதான்.

ஒருநாள் காலையில் போன் வந்தது. "பாப்பா, கை வந்துருச்சு! விரலெல்லாம் ஆடுது!" நான் அலுவலகத்தில் கத்திய கத்தலில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

திருவிழாவன்று ரதத்துக்கு முன்னால் அண்ணன் உறுமியோடு நின்றார். மாற்றிவிட ஆள் வந்தபோதெல்லாம் தலையாட்டி மறுத்தார்.

"போதும்ங்க, கொஞ்சம் கை ஆறட்டும்!" என்று அண்ணி கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினார்.

"இந்தக் கை போயிருச்சுன்னு நெனச்சேன்டி! இன்னிக்கு விடமாட்டேன்!"

அவர் மறுபடி உராயத் தொடங்கினார். நானும் அண்ணியும் அழுதுகொண்டே ஆடினோம்.