கை நனைத்த இடத்தில் டிப்ஸ்

கடலைப் பார்ப்பதற்கு முன்பே கப்பலில் எப்படி டிப்ஸ் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஓசூரில், சிப்காட் தொழிற்பேட்டைச் சங்கு காதில் விழும் தூரத்தில், தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்டுக் காத்திருந்த வயதிலேயே அதைக் கற்றுவிட்டேன். நோட்டை நான்காக மடிக்க வேண்டும், எண் உள்ளே போய்விட வேண்டும். கை குலுக்கும்போது உள்ளங்கையிலிருந்து உள்ளங்கைக்கு அது போய்ச் சேர வேண்டும். கண் கீழே இறங்கக் கூடாது. நன்றாகக் கவனித்தாய் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதில் நன்றிக்காக நிற்காமல் நடந்துவிட வேண்டும். வாங்குகிறவருக்கும் ஒரு முறை உண்டு. கொடுத்தவர் கண்ணிலிருந்து மறையும்வரை அந்த நோட்டை விரிக்கக் கூடாது.

இத்தனையும் சின்ன மாமாவின் உபயம். அம்மாவின் தம்பி. பெங்களூரில் கேட்டரிங் படித்துவிட்டு, வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றும் சொகுசுக் கப்பல் ஒன்றில் சாப்பாட்டு மேசைகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். விடுப்பில் வந்தால் எங்கள் வீடுதான் கப்பல். நானும் தம்பியும் பயணிகள். கட்டில் எங்கள் அறை, கூடத்துப் பாய் சாப்பாட்டு மண்டபம். ஒரே கையில் மூன்று தட்டுகளை வரிசையாக ஏந்தி, சட்னி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அவர் வளைந்து வருவதைப் பார்க்க பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கின. பள்ளியிலிருந்து திரும்பினால் கட்டிலின் மேல் குளியல் துண்டில் மடித்த யானை ஒன்று துதிக்கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாங்கள் தீப்பெட்டிப் படங்களை நான்காக மடித்து அவருடன் கை குலுக்கினோம். படம் தெரிந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

முதல் நாளே கொடுக்கிறவர், என்னைப் பார்த்துக்கொள் என்கிறார். கடைசி நாள் கொடுக்கிறவர், உன்னைப் பார்த்தேன் என்கிறார். மாமா அப்படித்தான் சொல்வார். டிப்ஸ் கொடுக்க வேண்டுமே என்று கடைசி இரவுச் சாப்பாட்டுக்கே வராமல் அறைக்குள் ஒளிந்துகொள்பவர்களும் உண்டாம். வாரம் முழுக்கச் சிரித்துப் பேசியவர்களின் நாற்காலிகள் அன்று காலியாக இருக்குமாம். அவர்களைக் கடலில் தள்ளிவிட வேண்டும் என்று தம்பி தீர்ப்பு சொன்னான். பாவம், அவங்களுக்குக் குடுக்கற முறை தெரியல, அதான் பயம் என்றார் மாமா.

இப்போது அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. சேவைக் கட்டணம் என்று தினமும் பில்லிலேயே ஏறிவிடுகிறது, எல்லோருக்குமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். போன வருடம் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலில் நானும் போனேன். கட்டணம் பிடித்துவிட்டார்கள் என்று தெரிந்தும் கடைசி நாள் ஒரு நோட்டை நான்காக மடித்து, எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட பையனின் கையைக் குலுக்கினேன். அவன் கண் கீழே இறங்கவில்லை. யாரிடமோ சரியாகத்தான் கற்றிருக்கிறான்.

இந்தக் கலை எங்கள் வீட்டைத் தாண்டி ஒருமுறை வெளியே போனது. அதனால் மாமாவின் கல்யாணமே ஆட்டம் கண்டது.

அம்மாவுக்குத் தன் தம்பியின் வேலை பிடிக்கும், அதன் பெயர் பிடிக்காது. அதற்கு முந்தைய விடுப்பில் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு வரன் கூடிவந்து, எச்சில் தட்டு எடுக்கறவனுக்கா பொண்ணு என்று ஒரே வாக்கியத்தில் கலைந்துபோனது. அந்த வாக்கியத்தை அம்மா பல நாள் வாய்க்குள்ளேயே அரைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரன் சானமாவுப் பக்கம் வந்தபோது, கப்பலில் ஆபீசர் என்று சொல்லியனுப்பினாள். ஆதாரத்துக்கு ஒரு போட்டோ இருந்தது: வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, பொன் நிறப் பொத்தான்கள். விருந்து நாளில் மேசை கவனிப்பவர்களுக்குக் கப்பலில் கொடுக்கும் உடுப்பு அது. பொத்தான்கள் பொய் சொல்லவில்லை, அவற்றுக்கு வாய் இல்லை, அவ்வளவுதான். மாமா மறுத்துப் பார்த்தார். அக்கா அழுததும் சும்மா இருந்துவிட்டார்.

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள் காபியோடு திரும்பிவிடுவார்கள். சாப்பிட மாட்டார்கள். மனசு ஒத்துப்போன பிறகுதான் இன்னொரு நாள் போய் இலை போட்டு உட்காருவது. அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அப்புறம் பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். காபி முடிந்திருந்தது. கை நனைக்க வாடகை வேனில் போனோம். வழி நெடுக அம்மா எங்களுக்கு மந்திரம் ஓதினாள். தட்டு என்ற சொல் வாயில் வரக் கூடாது. டிப்ஸ் வரவே கூடாது. மாமாவுக்குத் தனி எச்சரிக்கை.

"துண்டப் பாத்தா கைய வெச்சிக்கினு சும்மா இரு. அவங்க ராகிய ஆனை தின்னுட்டுப் போயிருக்கு. நீ வேற ஊட்டுக்குள்ள ஒரு ஆனை பண்ணி வெக்காத."

பெண் வீடு காட்டை ஒட்டிய தோட்டத்துக்குள் இருந்தது. கொல்லையில் ராகிப் பயிர் ஒரு மூலையில் பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடந்தது. யானை வந்துபோன தடம். வீட்டுக்குள் பெண்கள் ஒருவருக்கொருவர் தெலுங்கிலும் எங்களிடம் தமிழிலும் பேசினார்கள். சமையலுக்கு ஓசூரிலிருந்து ஒரு மாஸ்டரும் இரண்டு ஆட்களும் வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா மெதுவாகப் பேசுகிறவர். எதைக் கேட்டாலும் அண்ணன் வரட்டுங்க என்றார். அந்த அண்ணன்தான், பெண்ணின் பெரியப்பாதான், அந்த வீட்டின் சொல். காபிக்கு நாங்கள் போன நாளில் அவர் வீட்டில் இல்லை, யானைக் காவலுக்குக் கொல்லையில் இருந்தார்.

முதல் பந்தியில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். களி, கோழிக் குழம்பு, பிறகு சோறு. மாஸ்டரின் ஆட்களோடு இன்னொருவரும் பரிமாறினார். முண்டா பனியன், முழங்காலுக்கு மேல் மடித்த வேட்டி, கணுக்காலில் காயாத சேறு, தோளில் துண்டு. நெய்யும் ரசமும் அவர் கையில் மட்டும் வந்தன. மாமாவின் இலையில் சோறு குறைவதற்கு முன்பே வந்து நிற்பார், மாமா தலை தூக்குவதற்குள் ஊற்றிவிட்டு நகர்வார். மாமா சாப்பிடுவதை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் பெண்களோடு நின்ற நான் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடிந்தது. மாமா கை கழுவினார், துடைத்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற அந்த மனிதரிடம் போனார். கை நீட்டினார். குலுக்கினார். கண் கீழே இறங்கவில்லை. ரொம்ப நல்லா கவனிச்சிக்கிட்டீங்க என்றார், நன்றிக்கு நிற்காமல் திரும்பி நடந்தார். எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மனிதர் உள்ளங்கையை விரித்தார். நான்காக மடித்த பச்சை நோட்டு. வெளிநாட்டு நோட்டு. அவர் அதை மெதுவாக, ஒவ்வொரு மடிப்பாக, முழுசாகப் பிரித்தார். பெண்ணின் அப்பா, அண்ணா என்றார். அந்த ஒரு சொல்லில் அவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெண் கொடுக்கிற வீட்டின் மூத்தவர், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தன் கையால் நெய் ஊற்ற வேண்டும் என்று கொல்லையிலிருந்து குளிக்கக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தவர். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அப்பா பிறகு சொன்னார்.

"கை நனைச்சா ஒறவு. காசு குடுத்தா ஓட்டலு. நீங்க எதுக்கு வந்தீங்க தம்பி?"

அப்பா குறுக்கே விழுந்து, தெரியாமல் நடந்துவிட்டது, கப்பலில் பெரிய ஆபீசராக இருந்து பழகிவிட்டார், வேலைக்காரர் என்று நினைத்துவிட்டார் என்று ஏதேதோ சொல்லி, சொல்லச் சொல்ல இன்னும் கெடுத்தார். மாமா அப்பாவின் தோளைத் தொட்டு நிறுத்தினார். திரும்ப வந்து, தொட்டிப் பக்கம் முன்பு நின்ற இடத்திலேயே நின்றார்.

"காசு சோத்துக்கு இல்லீங்க. சோத்துக்குக் காசு குடுக்க நான் யாரு. நான் கேக்கறதுக்கு முன்னாடி ரசம் வந்துச்சி, அதுக்கு. நான் ஆபீசரு இல்லீங்க. கப்பல்ல பரிமாறுறவன். நல்லா பரிமாறுற கை எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். எங்க பொழப்புல மரியாதைய இப்பிடித்தான் குடுப்போம்."

எனக்குப் பின்னால் நின்ற பெண்களில் யாரோ, ஆபீசரு இல்லியாம் என்று தெலுங்கில் சொல்ல, இன்னொருத்தி சிரிப்பை அடக்க இருமினாள். மாமா நிமிர்ந்தே நின்றார். பரிமாறும்போது மாமா எப்படி நிற்பாரோ, அப்படி.

பழக்க தோஷம் என்றுதான் எங்கள் வீட்டில் அந்தச் சம்பவத்துக்குப் பெயர் வைத்தார்கள். இன்று எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. உட்காருகிற தோரணையை வைத்தே ஒரு மேசையில் யார் பெரியவர் என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். மாஸ்டரின் ஆட்களுக்கு நடுவே நெய்க் கிண்ணம் யார் கையில் இருந்தது என்றா அவருக்குத் தெரியாமல் போயிருக்கும்?

பெரியப்பா மாமாவை மேலும் கீழும் அளந்து பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"ரெண்டாம் பந்தி ஒக்காரப் போவுது. பரிமாறு, பாக்கலாம்."

மாப்பிள்ளையைப் பரிமாறச் சொல்வதா என்று எங்கள் பக்கத்தில் ஒரு முனகல் எழுந்தது. அதற்குள் துண்டு மாமாவின் இடது கையில் மடிந்து தொங்கியது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். மணப்பெண்ணும் உட்கார்ந்தாள். அவள் பக்கத்து இலையில் என்னை உட்கார வைத்தார்கள். பெரியப்பா அந்தப் பச்சை நோட்டைக் கொண்டுவந்து அவள் இலை ஓரத்தில் வைத்தார். பாத்துட்டு நீயே முடிவு பண்ணு என்று சொல்லிவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாமா அன்று பரிமாறியதை நடனம் என்று சொன்னால் மாமாவுக்கே பிடிக்காது, வேலை என்றுதான் சொல்வார். வாளி அவர் கையில் எடை இழந்தது. பல் இல்லாத கிழவிக்குக் களி சின்ன உருண்டையாக விழுந்தது. காரம் ஆகாத ஒருத்திக்குக் குழம்பு அடியிலிருந்து வராமல் மேலாக வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, முதல் வாயில் தண்ணீர் குடித்தாள், அவர் பார்த்துவிட்டார். மணப்பெண்ணின் இலைக்கு வந்து ரசக் கரண்டியைத் தூக்கினார். அவள் தலையைத் தூக்காமலே, ரசம் கேக்கலியே என்றாள். இனிமே கேப்பீங்க என்றார் மாமா. வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ரசத்துக்குச் சோற்றில் குழி செய்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தாள். எழுந்திருக்கும்போது அந்த நோட்டை எடுத்து, மடித்து, மறுபடியும் மடித்து, தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். டம்ளர் எடுக்க மாமா வந்தார். நோட்டு சட்டைப் பைக்குள் போனது. அப்புறம் அவர் துண்டைப் பெரியப்பாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனார். போகிற வழியில் விரல்கள் தாமாகவே அதில் ஒரு காதையும் பாதித் துதிக்கையையும் செய்துவிட்டன. கூடத்தின் மறுகோடியிலிருந்து அம்மா இருமினாள். துண்டு தட்டையாகவே போய்ச் சேர்ந்தது.

பெரியப்பா, சொல்லி அனுப்பறோம் என்று மட்டும் சொன்னார்.

சொல்லி அனுப்புகிறோம் என்றால் எங்கள் பக்கம் அது முக்கால்வாசி இல்லை என்றுதான் அர்த்தம். வேன் தோட்டத்தைத் தாண்டுமுன்பே அம்மா அழத் தொடங்கினாள். உண்மையைச் சொன்னதற்காகத் தன் தம்பியைத் திட்ட முடியாமல், பொய் சொன்ன தன்னையும் திட்ட மனம் வராமல், வேன் டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லித் திட்டினாள். எனக்கும் அழுகை வந்தது. அம்மாவுக்குத் தெரியாத இன்னொன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லிவிட்டேன்.

"அந்தக்கா காசத் திருப்பிக் குடுத்துட்டாங்க. வேணாம்னு டம்ளருக்கு அடியில வெச்சிட்டுப் போயிட்டாங்க."

அம்மாவின் அழுகை நின்றேபோனது. வரன் முழுசாகச் செத்துவிட்டது என்று எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மாமா மட்டும் என் பக்கம் திரும்பினார்.

"எப்ப வெச்சா?"

"சாப்ட்டு முடிச்சி எந்திரிக்கறப்ப."

"கடைசியிலதான் குடுத்திருக்கா. அப்ப சரி," என்றார்.

சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். நான்காக மடித்திருந்தது, எண் உள்ளே போயிருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வீடு மறைந்தது, ராகிக் கொல்லை மறைந்தது, சானமாவுக் காடும் பின்னால் போய், ஓசூர்ச் சாலையில் தக்காளி வண்டிகள் எதிரே வரத் தொடங்கின. கொடுத்தவர் கண்ணிலிருந்து மறைந்தாயிற்று, இனி விரிக்கலாம், விதி அதுதான் என்று நான் அவர் முழங்கையை இடித்து நினைவுபடுத்தினேன். மாமா தலையாட்டினார். ஆனால் வீடு வந்து சேர்ந்து, வேனை அனுப்பிவிட்டு, அப்பா தகரக் கதவைத் திறக்கும்வரை அந்தக் கை திறக்கவே இல்லை. விதியைச் சொல்லிக்கொடுத்தவருக்கே விதி மறந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.