இல்லாத ஒருத்தி

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுவது என் வேலை. நான் கத்துவது ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிக்கும் டெம்போக்காரர்களுக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட வாய், வீட்டில் மனைவியிடம் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் மூன்று வருடமாகக் கிடக்கிறது.

நாற்பத்தாறு வயதில் ஆரம்பித்தது. ஆசை இருந்தது, அதில் குறைவே இல்லை. உடம்புதான் எழவில்லை. முதல் தடவை அசதி என்றேன். அடுத்த தடவை சந்தையில் அலைச்சல் என்றேன். அதற்கப்புறம் அவள் வருவதற்கு முன்பே தூங்கிவிடப் பழகினேன். தூக்கம் வராத நாளில் பொய்க் குறட்டை விடவும் பழகினேன்.

உடம்புச் சூடு என்று நானே முடிவு கட்டினேன். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு எந்தக் கோளாறு வந்தாலும் சூடுதான், மருந்து குற்றாலம்தான். சீசன் தொடங்கியதும் ஞாயிறுதோறும் தனியாகப் பஸ் ஏறினேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் மணிக்கணக்காக நின்றேன். பசிதான் எடுத்தது. பிறகு, அங்கே ஒரு லாட்ஜ் அறைக்கு மாதம் ஒருமுறை வந்து உட்காரும் வைத்தியரிடம் லேகியம் வாங்கித் தின்றேன். தித்திப்பாக இருந்தது. எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை வியாதி. என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

கடைசியில், தென்காசியில் சர்க்கரைக்கு மாத்திரை எழுதித்தரும் டாக்டரிடமே வாய் திறந்தேன். என்னைவிட இளையவர். கூச்சமில்லாமல் கேட்டார்.

"அண்ணாச்சி, காலைல முழிக்கும்போதாவது விறைப்பு இருக்கா?"

"இல்ல சார்."

ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஆசை மூளையில் தோன்றினால் மட்டும் போதாது, அந்தச் சேதியைக் கீழே கொண்டுபோக நரம்பு வேண்டும். சேதி வந்ததும் ரத்தக்குழாய் தளர்ந்து விரிய வேண்டும். ரத்தம் நிறைந்து, உடனே திரும்பிப் போகாமல் நிற்க வேண்டும். விறைப்பு என்பது அதுதான். நான் கட்டுப்படுத்தாமல் விட்ட சர்க்கரை நரம்பையும் கெடுத்திருந்தது, குழாயின் உட்சுவரையும் கெடுத்திருந்தது. ஆண்மை, வீரியம் என்று நான் பயந்த எதுவும் அந்தப் படத்தில் இல்லை.

"முதல்ல இதயத்தப் பாத்துரணும். அப்புறம் மாத்திரை. அடுத்த தடவ வீட்டுல அவங்களையும் கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் தெரியணும்" என்றார்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இன்று சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"குத்தாலத்துல லாட்ஜுக்குள்ள போனீயளாமே. பாத்தவிய சொன்னாவ. அருவில குளிக்கப் போற ஆளுக்கு லாட்ஜுல என்ன வேல? யாரு அவ?"

பதில் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து நீட்ட ஒரு நொடி போதும். ஆனால் அவள் கேட்ட கேள்வியில் நான் இன்னும் ஆம்பளையாக இருந்தேன். அந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை. வெட்கங்கெட்ட மனம்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "இனிமே போவ மாட்டேன்."

பதினோரு நாள் அவள் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். முகம் அழுது அழுது வீங்கியிருந்தது. தினமும் சொல்ல வாயெடுப்பேன். இப்போது சொன்னால் நோயோடு பொய்யும் சேர்ந்து வெளியே வரும் என்று விழுங்கிவிடுவேன். அந்த டாக்டரிடமும் போகவில்லை. போனால் அவளை எங்கே என்று கேட்பார்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவள் தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்தாள்.

"போனது போவட்டும். நான் மனசுல வச்சுக்கல" என்றாள். என் கையை எடுத்துத் தன் மேல் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. ஆசையும் வந்தது. உடம்பு மட்டும் யாருடையதோ போலக் கிடந்தது.

கொஞ்ச நேரம் முயன்று பார்த்தேன். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் அவகிட்டதான் போறீயளா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

நான் குறட்டை விட்டேன்.