துண்டை இடுப்பில் கட்டிய நாள்

மதுரை ஆஸ்பத்திரியில், மார்புக் கட்டி பார்க்கும் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதில் உட்கார்ந்திருந்தவர்களில் நான் ஒருவன்தான் ஆண். சீட்டுக் கொடுப்பவர் என் மனைவி மீனாளைப் பார்த்து, "நீங்க மட்டும் உள்ள போங்கம்மா, ஐயா இங்க இருக்கட்டும்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. மீனாள் என்னை ஒரு தடவை பார்த்தாள். சீட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கூப்பிட்டபோது இருவரும் போனோம். பெஞ்சில் இருந்தவர்களுக்கு அவள்தான் நோயாளி.

மெட்ராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்த வருஷம் அது. எனக்கு நாற்பத்தாறு வயது. காரைக்குடியில் பஸ் கழுவும் கிளீனராக ஆரம்பித்து, யார் தயவும் இல்லாமல் நாலு லாரிக்குச் சொந்தக்காரன் ஆனவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு. என்னிடம் பி.ஏ. படித்தவர் சம்பளத்துக்கு இருந்தார். பெருமைதான், இருக்கட்டும்.

பதின்மூன்று வயதில் மார்புக் காம்புக்கு அடியில் புளியங்கொட்டை போல ஒன்று தட்டுப்பட்டது. தொட்டால் வலித்தது. வலி போனது, சதை போகவில்லை. இரண்டு பக்கமும் பெண்பிள்ளைக்கு இருப்பது போல வளர்ந்து நின்றது. ஊருணியில் கூடக் குளித்த கிளீனர்கள் என்னைப் "பால்காரி" என்று கூப்பிட்டார்கள். அதோடு ஊருணியை விட்டேன். அன்றிலிருந்து சட்டைக்கு மேலேயும் ஒரு துண்டு.

கோயிலில் சாமி முன்னால் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்ட வேண்டும். நான் வாசலோடு நின்றுவிடுவேன். அம்மன் கோயிலுக்குத் தேக்குக் கதவு செய்து கொடுத்தவன் நான். பரிவட்டம் (மரியாதைக்காகத் தலையில் கட்டும் பட்டுத்துணி) வாங்க என் தம்பி சுப்பையாவைத்தான் அனுப்பினேன்.

"அண்ணே, காசு வந்த திமிருன்னு பேசிக்கிறாக."

"பேசட்டும்டா."

திமிர் என்று சொன்னவரைக்கும் எனக்கு நிம்மதி. ஆனால் அடுத்த திருவிழாவில் தம்பி தலையில் கட்ட மாட்டோம், கொடுத்தவரே வர வேண்டும் என்று கோயில்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் மதுரைக்குப் போனேன்.

டாக்டர் விதையையும் ஈரலையும் சோதித்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். வேறு நோய் இல்லை என்று தெரிந்த பிறகே பேசினார். இதற்கு கைனகோமாஸ்டியா (ஆண்களுக்கு மார்புச் சுரப்பி பெருப்பது) என்று பெயராம். நிறைய ஆண்களுக்கு உண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் நான் ஒருவன்தான் என்று இருந்தேன்.

"நெய்யை விட்டேன், பட்டினியும் கிடந்து பாத்துட்டேன்" என்றேன்.

"வெறும் கொழுப்புன்னா குறையும். இது சுரப்பி. பட்டினி கிடந்தா கன்னம்தான் ஒட்டும். அறுத்துத்தான் எடுக்கணும்."

ஆண்மைக் குறைவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மீனாள் கேட்டாள்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"மூணு."

"அப்புறம் என்னைப் போய்க் கேக்கிறீங்களே!"

அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள். பிறகு, "சினிமாக்காரிக அழகுக்குப் பண்றதுங்கிறாக. கத்தி பட்டா புத்துநோயாயிருமாமே?" என்றாள்.

"கத்தி பட்டுப் புற்று வராது. எடுத்த சதையையும் சோதனைக்கு அனுப்புவோம். அழகுக்குன்னா இவர் இத்தனை வருஷம் காத்திருப்பாரா?"

"லாரி டிங்கரிங் மாதிரி சுத்தமா வழிச்சிருங்க" என்றேன்.

"வழிச்சா குழி விழும். காம்புக்கு அடியில கொஞ்சம் விட்டுத்தான் எடுப்பேன். லாரின்னா அன்னைக்கே ஓட்டிட்டுப் போயிரலாம். இது ஆறணும், மாசக்கணக்காகும்."

காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் பிறை போல அறுத்தார்கள். பக்கத்துக்கு ஒரு டிரெயின் (கசிவை வெளியே எடுக்கும் ரப்பர் குழாய்). மூச்சு முட்டக் கட்டு. சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். கையைத் தோளுக்கு மேல் தூக்காதே என்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் லாரி செட்டுக்குப் போனேன். டிரைவர் பாரக் கயிற்றைத் தொளதொளவென்று கட்டிக்கொண்டிருந்தான். கயிறு இறுக்குவதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஒரே இழு. சாயங்காலத்துக்குள் இடப்பக்கம் வீங்கிக் கருநீலமானது. ஹீமடோமா (உள்ளே ரத்தம் கட்டுவது). திரும்ப மதுரை, திரும்பக் கத்தி. இடப்பக்கம் சற்றுக் குழிந்தது, மரத்தும் போனது. யாராக இருந்தாலும், டாக்டர் ஆறட்டும் என்றால் ஆறவிடுங்கள்.

பெஞ்சில் எங்களைப் பார்த்த ஒருத்தி ஊரில் சொல்லியிருக்கிறாள். மீனாளுக்குப் புற்று, ஒரு பக்கம் எடுத்தாயிற்று என்று. ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர்கள் அவள் மார்பையே பார்த்தார்கள். "இப்பத் தேவலை" என்று அவள் காபி கொடுத்தாள். எனக்கு வயிற்றுப் புண் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே படுத்திருந்தேன்.

"சொல்லிட்டுப் போறாக. எனக்கு ரெண்டும் பத்திரமாத்தான இருக்கு. நீங்க தூங்குங்க" என்றாள். நான் தூங்கினேன்.

ஐந்து மாதம் கழித்துத் திருவிழா. பெண்கள் முளைப்பாரியோடு வரிசையில் நின்றார்கள். வரிசையை நடத்தும் கருப்பாயி அக்கா, "மீனா, நீ ஒதுங்கிக்க. உடம்புல அறுத்தவ முளைப்பாரி தூக்கக் கூடாது" என்றாள்.

மீனாள் முளைப்பாரியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். இந்தத் தடவை அவள் என்னைப் பார்க்கவில்லை.

நான் சட்டையைக் கழற்றினேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசைக்குப் போனேன்.

"அக்கா, அறுத்தது எனக்கு. ரெண்டு பக்கமும் பாத்துக்கங்க."

அவள் கண்ணைச் சுருக்கிக் கிட்டே வந்து பார்த்தாள். "ஆம்பளைக்கா?"

"ஆம்பளைக்குத்தான்."

"அப்ப அவளுக்கு?"

"ஒண்ணுமே இல்லை. நாந்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கருப்பாயி அக்கா, "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? தூக்குடி மீனா, நேரமாகுது" என்றாள். முப்பத்து மூன்று வருஷம் மறைத்தது. சொல்லி முடிக்க ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை.

பூசாரி பரிவட்டம் கட்டி, மார்பில் சந்தனம் பூசினார். வலப்பக்கம் குளிர்ந்தது. இடப்பக்கம் குனிந்து பார்த்துத்தான் பூசியிருக்கிறது என்று தெரிந்தது.

இப்போது ஏழு வருஷம். இடப்பக்கம் ஒரு காசு அளவுக்கு உணர்ச்சி திரும்பியிருக்கிறது. லாரிகளைத் தம்பி பார்க்கிறான். எனக்கு அலுப்பு. அந்த ஐந்து மாதத்தைப் பற்றி மீனாளிடம் இன்னும் கேட்கவில்லை. வெற்றுடம்போடு உட்கார்ந்திருக்கும்போது வாசலில் யாராவது கூப்பிட்டால், கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டைத் தேடுகிறது. மீனாள் அதைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய், "உள்ள வாங்க, வீட்லதான் இருக்காக" என்கிறாள்.