சரோஜம் டீச்சரின் இடது புருவம்

1. தலைவலி என்று சொல்லுங்கள்

ஊசி போட்ட நெற்றியை ஒரு நாள் முழுக்க யாரும் அழுத்தக்கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே ஏழு பேர் அழுத்தினார்கள். அதில் என் தப்பும் உண்டு. அதனால்தான் புதிதாக இந்த வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

நான் பாறசாலைக்காரி. நெய்யாற்றின்கரையில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். முதலில் தேமலும் படையும் பருவும்தான் வந்தன. பிறகு போடாக்ஸ் வந்தது. சுருக்கம் விழும் இடத்துத் தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்தி வைக்கிற ஊசி. போட்டுக்கொள்ள ஆள் உண்டு, போட்டேன் என்று ஒத்துக்கொள்ளத்தான் ஆள் கிடையாது.

சரோஜம் டீச்சர் காரக்கோணம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. பிள்ளைகளை முறைத்து முறைத்தே இரண்டு புருவத்துக்கும் நடுவே ஆழமாகக் கோடு விழுந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரையோ அடிக்கப் பிரம்பு தேடுவது போலிருக்கும்.

"சிஸ்டரே, எனக்க மோளுக்க கல்யாணம் வருது. போட்டோவில நான் சம்பந்தக்காரிகிட்ட சண்டைக்கு நிக்கது போல இருக்கப்பிடாது. ஆனா எனக்க தோலு பொல்லாத தோலாக்கும்."

அதற்கு அத்தாட்சியாகப் போனில் ஒரு படம் காட்டினார். மகன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஃபேஷியல் செய்திருக்கிறார். மேடையில் பட்டுச்சேலையும் முகமும் ஒரே சிவப்பு. "அந்த ஆல்பத்த நான் இண்ணைக்கு வரை தொறக்கல்ல" என்றபோது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது.

எங்கள் டாக்டரம்மா திருவனந்தபுரத்துக்காரர், எதிலும் அவசரப்படமாட்டார். முதலில் பேட்ச் டெஸ்ட். மரத்துப்போகும் கிரீம், ஸ்பிரிட், கிருமிநாசினி, பிளாஸ்திரி எல்லாவற்றையும் டீச்சரின் கையில் தனித்தனியாக வைத்துப் பார்த்தோம். இரண்டு நாள் கழித்து வந்தபோது நாலு இடமும் தடித்திருந்தன. தடிப்பு அடங்கும்வரை ஊசி கிடையாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

ஊசி போட்ட அன்று கல்யாணத்துக்குச் சரியாக இரண்டு வாரம்தான் இருந்தது. கிரீம் இல்லை, ஸ்பிரிட் இல்லை. சலைனால் துடைத்து, துணியில் சுற்றிய ஐஸை வைத்து, அப்படியே போட்டோம். டீச்சர் மூச்சுக் காட்டவில்லை. குத்திய இடமெல்லாம் கொசு கடித்ததுபோல் சிவந்து தடித்தது.

"இவருக்கு இது போக ரெண்டு நாளாவது எடுக்கும்" என்றார் டாக்டரம்மா.

"அப்ப வீட்டுல நான் என்ன சொல்லட்டு?" என்று டாக்டரம்மா வெளியே போனதும் டீச்சர் பயந்தார்.

"தலைவலிக்கு ஊசி போட்டேன்னு சொல்லுங்க டீச்சர்" என்றேன் நான். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

2. ஏழு கை

சாயங்காலம் டீச்சர் போனில் கிசுகிசுத்தார். குளியலறைக்குள்ளிருந்து பேசினாராம்.

"சிஸ்டரே, சபையில உள்ள ஜெபக்குழு வந்திருக்கு. எனக்கு பொல்லாத தலவலின்னு யாரோ சொல்லியிருக்கு. ஏழு பேரும் நெத்தியில கை வச்சு ஜெபிக்கப் போறாளுவ!"

"தோளில வைக்கச் சொல்லுங்க!"

"தலவலிக்கு தோளில எதுக்காக்கும்னு கேக்கமாட்டாளுவளா? லில்லிபாய் வேற வந்திருக்கா."

லில்லிபாய் அக்காவை எனக்கும் தெரியும். மரச்சீனிக் கிழங்கை மண்வெட்டி இல்லாமல் வெறுங்கையால் மூட்டோடு பிடுங்குகிறவர். "டீச்சரே, வாரும்!" என்று அவர் வெளியே கூப்பிடுவது எனக்குக் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

பிறகு நடந்ததை டீச்சர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஜெபக்குழு பூசக் கொண்டுவந்திருந்த வாசனை எண்ணெயை, தனக்கு ஆகாது என்று சொல்லித் தைரியமாகத் தடுத்துவிட்டார். கையைத் தடுக்க என்ன காரணம் சொல்வதென்று தெரியவில்லை. லில்லிபாய் அக்கா வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தலைவலியை வேரோடு பிடுங்கும்வரை விடமாட்டேன் என்று நெடுநேரம் ஜெபித்தாராம்.

"கடைசியில நெசமாவே தலவலிச்சு சிஸ்டரே" என்றார்.

3. சிவப்பா, புருவமா

கல்யாணத்துக்கு முந்தின நாள் ரிவ்யூ. நடுக்கோடு போயிருந்தது. வலப்பக்கம் நன்றாகத் தளர்ந்து இறங்கியிருந்தது. இடது புருவம் மட்டும் வில்லாக மேலே ஏறி நின்றது. "அப்படியா? நிஜமாகவா?" என்று யாரையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் முகம்.

லில்லிபாய் அக்காவின் ஜெபக் கதையைக் கேட்ட டாக்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "அழுத்தியதாலா, தசையின் வாகா, உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னும் ஒரு சொட்டு போட்டால் புருவம் இறங்கும். ஆனால் இறங்கச் சில நாள் ஆகும். நாளைக்குள் நடக்கப்போவது சிவப்பு மட்டும்தான்."

டீச்சர் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். அந்தத் தலைவலிப் பொய் என்னுடையதுதான் என்று டாக்டரம்மா முன்னாலேயே ஒத்துக்கொண்டேன்.

"போகட்டும் சிஸ்டரே" என்றார் டீச்சர். "புருவம் தூக்கினாலும் முகம் எனக்க முகமாக்கும். செவப்பு எனக்கு வேண்டாம்."

கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா பிரதமன் பாயசத்தை வாயில் வைத்துவிட்டு, "இதுல மதுரம் கொறவு..." என்று தொடங்கினார். டீச்சர் அன்பாகத்தான் திரும்பிப் பார்த்தார். புருவம் மேலே நின்றது. "இல்ல, இதுதான் பாகம்" என்று அந்த அம்மாள் இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார். அதன்பின் அவர் பந்தலிலும் குறை சொல்லவில்லை, பாட்டிலும் குறை சொல்லவில்லை.

அதுவரை ஒவ்வாமை என்றால் சோப்பு, பவுடர், எண்ணெய் பற்றி மட்டும்தான் கேட்பேன். அதன் பிறகு, "வீட்டில் என்ன சொல்லப்போகிறீர்கள், அதைக் கேட்டு யார் யார் பார்க்க வருவார்கள்?" என்றும் கேட்கத் தொடங்கினேன். நீங்களும் கேளுங்கள். நோயாளிக்குப் பொய் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

நாலு மாதம் கழித்து மருந்தின் வேகம் போய், புருவம் இறங்கி, கோடு திரும்பியதும் டீச்சர் மறுபடி வந்தார். மகள் கல்யாண ஆல்பத்தையும் கொண்டுவந்து ஒவ்வொரு படமாகக் காட்டினார்.

"டாக்டரே, கோடு கெடக்கட்டும். சம்பந்தக்காரி அடுத்த வாரம் வீட்டுக்கு வாறா. அந்த எடது புருவத்த மட்டும் ஒண்ணு தூக்கித் தர ஒக்குமா?"

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"டீச்சரே, அது எனக்குத் தெரிஞ்ச வேலையில்ல. லில்லிபாயிடம்தான் கேக்கணும்."